உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அடைப்பு: ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பும் பின்பும்

புற்றுநோய்க் கட்டி உணவுக்குழாயை அடைத்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, இனி விழுங்க வழி செய்து கொடுப்பதுதான் வேலை என்று மருத்துவர் சொல்லிவிட்ட நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வீட்டில் ஒருவருக்காக அலைந்தவன். யாரும் வரிசையாகச் சொல்லித் தராததால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் தெரிந்துகொண்டேன். மருந்தின் அளவையோ சிகிச்சை முடிவையோ இதைப் படித்துவிட்டுத் தீர்மானிக்காதீர்கள். மருத்துவர் எதிரில் உட்காரும்போது எதைக் கேட்பது, எந்தத் தாளை எடுத்து நீட்டுவது என்பதற்கு இது உதவும்.

ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் என்பது உணவுக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய். அது அடைப்பைத் திறக்கும்; புற்றுநோயைத் தொடாது. கட்டி அங்கேயேதான் இருக்கும், ஆயுளும் அதனால் நீளும் என்று சொல்ல முடியாது. சாப்பிட முடிவது, எச்சிலை விழுங்க முடிவது, புரையேறாமல் தூங்க முடிவது ஆகியவைதான் இதன் பயன். வீட்டில் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் சண்டைகளில் பாதி வராது.

1. நோக்கம் என்ன என்று நேராகக் கேளுங்கள்

"இந்தச் சிகிச்சை குணப்படுத்துவதற்கா, துன்பத்தைக் குறைப்பதற்கா?" முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். பதிலைக் கோப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து வரும் எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை.

இங்கேதான் மிகப் பெரிய பொறி இருக்கிறது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஸ்கேன்கள் முடிவதற்கு முன்பே, விழுங்க முடியவில்லை என்ற அவசரத்தில் ஸ்டென்ட் வைத்துவிடுவது. அறுவை சிகிச்சைக்கோ, குணப்படுத்தும் நோக்கிலான கீமோ மற்றும் கதிர்வீச்சுக்கோ இன்னும் வாய்ப்பு இருக்கும் நோயாளிக்கு இடைக்கால ஏற்பாடாக ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய இரைப்பைக்குடல் எண்டோஸ்கோபி சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டி இருக்கும் சுவரில் ஸ்டென்ட் துளையிடலாம், நகரலாம், பின்னால் வரும் அறுவை சிகிச்சையைச் சிக்கலாக்கலாம். அந்த இடைவெளியில் உணவு கொடுக்க மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய குழாயோ, சிறுகுடலில் நேரடியாக வைக்கும் குழாயோ பெரும்பாலும் போதும். வயிற்றின் மேல் துளையிட்டு இரைப்பையில் குழாய் வைப்பதற்கு முன்பும் இதே கேள்வியைக் கேளுங்கள். அறுவை சிகிச்சை நடந்தால் அகற்றிய உணவுக்குழாய்க்குப் பதிலாக மேலே இழுத்துத் தைக்கப்படுவது பொதுவாக அந்த இரைப்பைதான். அதில் முன்கூட்டியே துளை போடுவதைப் பல அறுவை மருத்துவர்கள் விரும்புவதில்லை.

சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராவது ஸ்டென்ட்டுக்குத் தேதி கொடுத்தால், "கட்டம் தீர்மானமாகிவிட்டதா? புற்றுநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் பார்த்துவிட்டார்களா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. விழுங்கும் திறனை எண்ணாகக் குறித்து வையுங்கள்

"சரியாகச் சாப்பிட முடியவில்லை" என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. அவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது, நீங்களும் பயன்படுத்தலாம்.

0 – எல்லா உணவும் இறங்குகிறது.
1 – சில கெட்டியான உணவுகள் மட்டும் சிக்குகின்றன.
2 – குழைந்த, மென்மையான உணவு மட்டும் இறங்குகிறது.
3 – நீர்மம் மட்டும் இறங்குகிறது.
4 – நீர்மமும் இல்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

தேதி, இந்த எண், உடல் எடை மூன்றையும் வாரம் ஒரு முறை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண் மாறிய நாளைத் தனியாகக் குறியுங்கள். 0 அல்லது 1இல் இருப்பவருக்கு ஸ்டென்ட் பொதுவாகத் தேவைப்படாது. எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இதில் செல்லாது. 2லிருந்து 3க்கு இறங்கும் போதே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். 4 என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலில் நீர் வற்றுவது ஒரு பக்கம், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருவது இன்னொரு பக்கம்.

நீர் குடித்த சில நொடிகளில் இருமல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். அப்படியென்றால் எண் எதுவாக இருந்தாலும் வாய்வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். அந்தத் துளையை மூடுவதற்கு முதல் தேர்வே உறையிட்ட ஸ்டென்ட்தான். அங்கே அவசரம் நியாயமானது.

3. கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஒரே கோப்பு, தேதி வரிசையில். அசல்கள் ஓர் உறையில், நகல்கள் இன்னொன்றில், எல்லாவற்றின் படங்களும் கைபேசியில். ஒரு மருத்துவமனையில் எங்கள் ஸ்கேன் குறுந்தகடு அவர்கள் கணினியில் திறக்கவே இல்லை. எழுத்து வடிவ அறிக்கை கையில் இருந்ததால் அன்றைய சந்திப்பு வீணாகவில்லை. ஆகவே படமும் அறிக்கையும் இரண்டும் வேண்டும்.

எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) அறிக்கையில் மூன்று தகவல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பற்களிலிருந்து எத்தனை செ.மீ. தூரத்தில் கட்டி தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கருவி கட்டியைக் கடந்து போனதா இல்லையா. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்தில் இருக்கும். கட்டி மிக மேலே இருந்தால் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட உணர்வும் மூச்சுக்குழாய் நசுங்கும் அபாயமும் உண்டு. மிகக் கீழே இருந்தால் ஸ்டென்ட் நகர்வதும் அமிலம் மேலேறுவதும் அதிகம். அதனால் இந்த ஒரு எண்ணை வைத்தே அனுபவமுள்ள எண்டோஸ்கோபி மருத்துவர் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கை அடுத்தது. ஸ்குவாமஸ் செல் வகையா, அடினோகார்சினோமாவா என்று அதில் இருக்கும். ஹெர்2, பி.டி.எல்.1 போன்ற பரிசோதனைகள் செய்யப்பட்டிருந்தால் அவற்றையும் சேருங்கள். மருந்தாலேயே கட்டி சுருங்க வாய்ப்பு உண்டா என்பதை அவை காட்டும். மார்பு, வயிறு சி.டி. அறிக்கை கட்டாயம். பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் அதுவும். கட்டி மேல்பகுதியிலோ நடுப்பகுதியிலோ இருந்தால் மூச்சுக்குழாயை எண்டோஸ்கோபி மூலம் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஏற்கனவே நசுங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டென்ட் விரிந்தால் மூச்சுத் திணறல் வரும்.

ரத்தப் பரிசோதனைகளில் ஹீமோகுளோபின், பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், சிறுநீரகம், உப்புகள் ஆகியவை அண்மையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். பழைய அறிக்கையைக் கொண்டுபோனால் அன்றே மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஒரு நாள் போய்விடும்.

கடைசியாக ஒரே தாளில் ஒரு பட்டியல்: சாப்பிடும் மருந்துகள் அளவோடு, ஒவ்வாமைகள், இதய நோய், பேஸ்மேக்கர், முன்பு பெற்ற கதிர்வீச்சு எந்தத் தேதியில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு), கீமோவின் கடைசித் தேதி. மார்பில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் துளை, ரத்தக்கசிவு அபாயங்களைக் கூடுதலாகக் கணக்கிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். புதிய ரத்தநாளங்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்து எதையாவது புற்றுநோய் மருத்துவர் கொடுத்துவந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

4. ஸ்டென்ட் மட்டுமே வழியா?

இல்லை. ஆனால் பல இடங்களில் அது ஒன்றைத்தான் சொல்வார்கள், அவர்களிடம் இருப்பது அதுதான் என்பதால். எத்தனை காலம் எதிர்பார்க்கலாம், எவ்வளவு விரைவாக நிவாரணம் வேண்டும் என்ற இரண்டும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை.

தானே விரியும் உலோக ஸ்டென்ட் வேகமானது. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் விழுங்குவது தெளிவாக மேம்படும். நிடினால் என்ற நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவையால் பின்னப்பட்ட வலைக்குழாய் அது. சுருக்கிய நிலையில் உள்ளே போய், உடல் வெப்பத்தில் ஓரிரு நாட்களுக்குள் முழு அளவுக்கு விரியும். வலைக்கு வெளியே உறை இல்லாதது, ஓரளவு உறையிட்டது, முழுதும் உறையிட்டது என்று வகைகள் உண்டு. உறை இல்லாததில் வலைக் கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்துவிடும் என்பதால், இந்தப் பயன்பாட்டுக்கு இப்போது பரிந்துரைக்கப்படுபவை மற்ற இரண்டும்தான். ஓரளவு உறையிட்டதன் திறந்த முனைகள் திசுவில் பதிந்துகொள்ளும். பிடிப்பு கிடைக்கும், ஆனால் வாரங்கள் கடந்த பிறகு எடுப்பது கடினம். முழுதும் உறையிட்டதை எடுப்பது எளிது, நகர்வதும் எளிது. எதை வைக்கப்போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

ப்ராக்கிதெரபி என்பது கதிர்வீச்சு மூலத்தை ஒரு குழாய் வழியாகக் கட்டிக்கு அருகிலேயே கொண்டுபோய்ச் சிறிது நேரம் வைத்து எடுப்பது. நெதர்லாந்தில் 209 நோயாளிகளிடம் 12 கிரே அளவு ஒற்றைத் தவணை ப்ராக்கிதெரபியை ஸ்டென்ட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. ஸ்டென்ட் விரைவில் பலன் தந்தது. நாட்கள் போகப்போக ப்ராக்கிதெரபி பெற்றவர்கள் நன்றாக விழுங்கினார்கள், சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. ஆகவே ஓரளவு திடமாக இருப்பவருக்கு, பல மாதங்கள் எதிர்பார்க்கப்படுபவருக்கு, இதைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். எல்லா மையங்களிலும் இந்த வசதி இருக்காது. வேறு இடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு 5 முதல் 10 தவணைகளில் முடியும் குறுகிய திட்டமாக இருக்கலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும், நடுவில் வீக்கத்தால் சில நாட்கள் இன்னும் மோசமாகவும் ஆகலாம். ஸ்டென்ட்டும் வெளிக்கதிர்வீச்சும் ஒரே நேரத்தில் கொடுக்கத் திட்டமிட்டால் காரணம் கேளுங்கள். அந்தச் சேர்க்கையை வழிகாட்டுதல்கள் ஆதரிப்பதில்லை. ஸ்டென்ட் வைத்தபின் வழக்கமாகக் கதிர்வீச்சும் கொடுப்பதைப் பற்றி பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், விழுங்கும் திறன் மீண்டும் குறைவதை அது தடுக்கவில்லை. ரத்தக்கசிவை மட்டும் குறைத்தது. கட்டியிலிருந்து ரத்தம் கசிபவருக்கு அது பயன்படலாம், எல்லோருக்கும் அல்ல.

கீமோ தொடங்கவிருப்பவர் என்றால் கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேளுங்கள். மருந்து வேலை செய்தால் சில வாரங்களில் விழுங்குவது தானாகவே மேம்படுவதுண்டு. அதற்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டால், கட்டி சுருங்கியதும் பிடிப்பில்லாமல் அது இரைப்பைக்குள் நழுவிவிடலாம்.

விரிவாக்கம், அதாவது குறுகிய இடத்தைக் கருவியால் அகலப்படுத்துவதை மட்டும் செய்வதன் பலன் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ போய்விடும். துளை விழும் அபாயமும் உண்டு. தனிச் சிகிச்சையாக அதை ஏற்காதீர்கள். லேசர், ஆர்கான் வாயுவால் கட்டியைக் கருக்குதல் போன்றவை குழாய்க்குள் துருத்திக்கொண்டிருக்கும் குட்டையான கட்டிக்கும் ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த திசுவுக்கும் உதவும், ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒளியால் தூண்டப்படும் மருந்துச் சிகிச்சையும் இருக்கிறது. செய்துகொண்டால் பல வாரங்களுக்கு வெயில் படாமல் இருக்க வேண்டும். எஞ்சிய நாட்களை அப்படிக் கழிக்க யார் விரும்புவார்கள் என்பது என் தனிப்பட்ட கேள்வி.

5. செலவைக் கேட்கும் முறை

"ஸ்டென்ட் வைக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். அதில் ஸ்டென்ட்டின் விலை இல்லாமலிருக்கும்! எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் தொகை செய்முறைக் கட்டணம் மட்டும்தான். ஸ்டென்ட்தான் பட்டியலில் பெரும்பாலும் மிகப் பெரிய தொகை என்பதால் இந்த இடைவெளி சிறியதல்ல.

ஆகவே எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் ஸ்டென்ட், எண்டோஸ்கோபி மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், எக்ஸ்-ரே வசதிக் கட்டணம், படுக்கை, மருந்துகள் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பிறகு இந்தக் கேள்விகள்: ஒரு ஸ்டென்ட் போதாமல் இரண்டாவது தேவைப்பட்டால்? பொதியைப் பிரித்தபின் வைக்க முடியாமல் போனால் அதன் விலையை யார் ஏற்பார்கள்? நகர்ந்துவிட்டால் சரிசெய்ய மறுபடி முழுக் கட்டணமா? இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்பவரிடம் கணக்குப் பிரிவினர் கொஞ்சம் கவனமாகவே பேசுவார்கள்.

அமிலம் மேலேறாமல் தடுக்கும் வால்வு பொருத்திய ஸ்டென்ட்டுக்கு விலை கூடுதல். சாதாரண ஸ்டென்ட்டோடு அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பதைவிட அது நிச்சயமாகச் சிறந்தது என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் முன் அனுமதிக் கடிதத்தில் "உள்ளே பொருத்தும் சாதனம்" தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் திரும்பக் கோரும்போது ஸ்டென்ட்டின் விலைச்சீட்டும் பெட்டியிலுள்ள ஒட்டுச்சீட்டும் கேட்கப்படும். சிகிச்சை முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும்.

மொத்தச் செலவைக் கணக்கிடும்போது ஒரு முறையோடு முடியும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உணவு சிக்கியோ, ஸ்டென்ட் நகர்ந்தோ, கட்டி வளர்ந்தோ விழுங்குவது மீண்டும் கடினமாகிறது. இன்னொரு எண்டோஸ்கோபிக்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

6. முந்தைய நாட்கள்

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகளை நிறுத்துவதுதான் பெரும்பாலும் தேதியைத் தள்ளிப்போட வைக்கிறது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை ஏறக்குறைய 5 முதல் 7 நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மற்றவற்றுக்கு வேறு கணக்கு. நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர், செயற்கை வால்வு உள்ளவர் என்றால் இதய மருத்துவரின் குறிப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

சாதாரண எண்டோஸ்கோபிக்கான பட்டினி விதி இங்கே போதாது. அடைப்புக்கு மேலே உணவு மணிக்கணக்கில் தேங்கியிருக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். அதனால் ஒரு நாள் முன்பிருந்தே நீர்மம் மட்டும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். இரவில் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள்.

பல நாட்கள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு, குறிப்பாக 5 நாட்களைத் தாண்டியிருந்தால், இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதை எங்களிடம் சொன்னது மருத்துவர் அல்ல, உணவியல் நிபுணர். வழி திறந்ததும் ஆசையாக நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, உப்புகளைப் பரிசோதித்து, உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

7. வைக்கும் நாள்

செய்முறை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தயாரிப்பும் மயக்கம் தெளிவதும் சேர்ந்து அரை நாள் போகும். சிலரை அன்றே அனுப்புவார்கள், சிலரை ஓர் இரவு வைத்துக்கொள்வார்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

வாய் வழியாக எண்டோஸ்கோப் போகும், அதன் வழியே மெல்லிய கம்பி கட்டியைக் கடக்கும், எக்ஸ்-ரேயில் பார்த்தபடி கம்பியின் மேல் ஸ்டென்ட் செலுத்தப்பட்டு விரியும். கட்டியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஸ்டென்ட் குறைந்தது 2 செ.மீ. அளவுக்காவது தாண்டி நிற்க வேண்டும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முதல் முயற்சியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் துளை, ரத்தக்கசிவு, நகர்தல், நிமோனியா என்று வரிசையாக இருக்கும். பயமுறுத்துவதற்காகப் போட்டவை அல்ல, உண்மையாகவே நடக்கக்கூடியவை. படிவத்தை நோயாளியே படித்துக் கையெழுத்திடுவதுதான் முறை. அவரிடம் மறைத்துவிட்டு வீட்டார் கையெழுத்திடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நெஞ்சில் வலியோடு விழித்துக்கொள்பவர் அவர்தானே.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: ஸ்டென்ட்டின் வகை, நீளம், விட்டம், வைத்த தேதி, முன்பற்களிலிருந்து எந்தத் தூரத்தில் இருக்கிறது என்ற குறிப்பு, சாதன அட்டை, இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்த அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

8. முதல் வாரம்

வலி வரும். மார்பெலும்புக்குப் பின்னால் அழுத்துவது போல, சிலருக்கு முதுகு வரை. ஸ்டென்ட் விரியும் முதல் சில நாட்கள் கூடுதலாக இருந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். வலி மருந்தை நீர்ம வடிவத்தில் எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பாராசிட்டமால் போதாமல் மார்ஃபின் வகை தேவைப்படுவது அசாதாரணம் இல்லை; அதைக் கொடுத்தால் மலச்சிக்கலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மருந்துக்கு அடங்காமல் வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு ஸ்டென்ட்டை எடுப்பதே தீர்வாகலாம்.

ஸ்டென்ட் இரைப்பை வாயிலைக் கடந்து நின்றால் அமிலம் தாராளமாக மேலேறும். ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற மருந்து தொடர்ந்து தேவைப்படும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி அளவுக்கு உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் இரவில் சரிந்துவிடும். கட்டில் காலுக்கே முட்டுக் கொடுங்கள்.

முதல் நாள் நீர்மம். தடையில்லாமல் இறங்கினால் கூழ் பதத்துக்கும் பிறகு மென்மையான உணவுக்கும் சில நாட்களில் மாறலாம். முழு விட்டம் கிடைத்த பின்பும் அது ஏறக்குறைய 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய்தான். தசை போலச் சுருங்கி உணவைத் தள்ளாது. உணவு இறங்குவது ஈர்ப்பு விசையாலும் நீங்கள் குடிக்கும் நீராலும் மட்டுமே.

9. உணவும் மாத்திரையும்

நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு வாயாக, நன்றாக மென்று, நடுநடுவே நீர் பருகி, சாப்பிட்ட பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளைகள். பல் கட்டியிருப்பவருக்கு அது சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். எடை குறைந்ததும் பல்செட் தளர்ந்துவிடும், மெல்ல முடியாமல் பெரிய துண்டாக விழுங்குவார்.

சிக்குபவை: மென்மையான ரொட்டி (உள்ளே போய்ப் பிசினாகிவிடும்), நார் உள்ள இறைச்சி, நார்க் காய்கள், பழத்தோல், கொட்டைகள், வேகவைத்த முட்டையின் வெள்ளைப் பகுதி, முள் உள்ள மீன். அரைத்தோ குழைத்தோ கொடுத்தால் இவற்றில் பலவும் இறங்கும். "இனி வெறும் தண்ணீர் உணவுதான்" என்று தாங்களாகவே முடிவு செய்து எடையைக் குறைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். கலோரியும் புரதமும் செறிந்த உணவு வேண்டும், அதற்குத்தானே இவ்வளவும்.

சாப்பிட்டு முடித்ததும் சோடா போன்ற வாயு கலந்த பானம் சிறிது குடிக்கச் சொல்வது பல மையங்களின் வழக்கம்.

மாத்திரைகளைப் பொடியாக்குவதற்கு முன் மருந்தாளுநரிடம் முழுப் பட்டியலையும் காட்டுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட், பொட்டாசியம் குளோரைடு, இரும்புச்சத்து, டாக்ஸிசைக்ளின் ஆகியவை குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும், மாற்று கேளுங்கள்.

உணவு சிக்கிவிட்டால் பதற்றப்படாமல் எழுந்து நின்று, வெதுவெதுப்பான நீரையோ சோடாவையோ சிறுசிறு மடக்காகக் குடித்து, சற்று நடக்க வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறைச்சியை மென்மையாக்கும் பொடியைக் கரைத்துக் குடிக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாயின் சுவரையும் அது அரிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் விலகவில்லை என்றால் மருத்துவமனை. எச்சிலே இறங்கவில்லை என்றால் அந்த நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

10. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

இதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

– காய்ச்சலோடு திடீர் கடும் நெஞ்சுவலி, அல்லது கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு: துளை விழுந்திருக்கலாம்.
– ரத்த வாந்தி, கறுத்த மலம்.
– மூச்சுத் திணறல், மூச்சு விடும்போது கீச்சொலி.
– குடித்தவுடன் இருமல், காய்ச்சல், நாற்றமுள்ள சளி.
– நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோவது.

அவசரப் பிரிவில் முதலில் சந்திப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. "உணவுக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, சாதன அட்டையை நீட்டுங்கள். இதைச் சொல்லாமல் மூக்குக் குழாய் போட ஆரம்பித்தால் ஸ்டென்ட் இடம் மாறிவிடக்கூடும்.

11. மறுபடி அடைத்தால்

காரணத்தைப் பொறுத்து வழி மாறும். உணவு சிக்கியிருந்தால் எண்டோஸ்கோபியில் எடுத்துவிடுவார்கள், ஸ்டென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. முனைகளுக்கு மேலேயோ கீழேயோ கட்டி வளர்ந்திருந்தால் முதல் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரண்டாவதைச் செருகலாம். நகர்ந்திருந்தால் பிடித்து இழுத்துச் சரிசெய்யவோ எடுத்துவிட்டு வேறு வைக்கவோ முடியும். இரைப்பைக்குள் விழுந்த ஸ்டென்ட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எல்லா நேரமும் இல்லை. குடலுக்குள் இறங்கி அடைக்கும் அபாயத்தையும் நோயாளியின் நிலையையும் ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள். கட்டி சுருங்கியதால் நகர்ந்தது என்றால் புதிதாக ஒன்று தேவையே இல்லாமலும் போகலாம். ஆகவே "மாற்ற வேண்டும்" என்றவுடன் ஒப்புக்கொள்ளாமல், என்ன காரணத்தால் அடைத்தது என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

நோயாளி பெரும்பகுதி நேரம் படுக்கையிலேயே இருக்கிறார், பசியே எடுப்பதில்லை என்ற நிலையில் இன்னொரு ஸ்டென்ட்டால் பெரும்பாலும் வலிதான் மிஞ்சும். அப்போது அவரை உண்மையில் வாட்டுவது உணவு இல்லாமை அல்ல, வாயில் தேங்கும் எச்சில்தான். எச்சில் சுரப்பைக் குறைக்க கிளைக்கோபைரோலேட், ஹையோசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஊசியாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயை ஈரப் பஞ்சால் துடைப்பது, வலி மருந்தைத் தோலுக்கடியில் செலுத்துவது ஆகியவற்றை வீட்டிலேயே செய்ய முடியும். பாலியேட்டிவ் (துன்பத்தைக் குறைக்கும்) சிகிச்சைக் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும், முதல் ஸ்டென்ட் வைக்கும் நாளிலேயே கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பல குழுக்கள் சேர்த்துக்கொள்ளும் முன் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்கின்றன. நோயாளி நடமாடும்போதே அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.